பின்னணி ஓயட்டும்!

சினிமாவைப் பற்றிப் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் அபிப்பிராயம் சொல்ல வருகிறார் என்றால், "ஆபாசம், அடிதடி, பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்" என்னும் மூன்று பல்லவிகளில் ஒன்றைத்தான் எடுப்பார் என்று நேயர்கள் எதிர்பார்ப்பது சகஜமே. அவற்றைப் பாட வேறு பலர் இருக்கிறார்கள். என்னுடைய புகார் மிகவும் சிறியது. இப்போதைய படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வாத்தியங்கள் ஒரு நிமிஷமாவது சும்மா இருப்பதில்லை என்பதே அது.

பாட்டு மிகுதி என்பது நமக்குப் புதிதல்ல. 1931-ம் வருஷத்தில் வெளியான 'காளிதாஸ்' என்னும் நம் முதல் பேசும் படத்தில் ஏறக்குறைய 50 பாட்டுகள் இருந்தனவாம். ஆனாலும் அந்தக் காலத்துப் பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. பாட்டு வந்தால் பாட்டு, முடிந்தால் பேச்சு. பிறகு 1954-ல், பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' என்ற படத்தை எடுத்துக் காட்டினார் ஸ்ரீ எஸ். பாலசந்தர். அவர் சங்கீத ஞானம் இல்லாத மனிதர் அல்ல. பெரிய வீணை வித்வான்!

இன்றைய பின்னணி சங்கீதமோ வேறு ரகம். அது நம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இப்போது அழு", "இப்போது பயப்படு", "இதோ வருகிறானே, இவன் மகா வீரன்; கை தட்டு" என்று ஓயாமல் உத்தரவு போடுகிறது. தொலைக்காட்சித் தொடரில் மாமியார் கதவைத் திறந்தால் ஓர் இடி. மருமகள் திரும்பிப் பார்த்தால் இன்னோர் இடி. பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டேன். என் தாயாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "அடே, சத்தம் இல்லாவிட்டால் அவள் நல்லவளா பொல்லாதவளா என்று எனக்கு எப்படியடா தெரியும்?" என்றாள். இந்த விஷயத்தில் அதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

தாயாருக்கு வயது எழுபதுக்கு மேல். அவள் எப்படிப் பார்த்தாலும் பாதகமில்லை. என் கவலை வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. சென்ற வருஷம் துயரமான கதை ஒன்றை வாசித்துக் காட்டி, "இதைக் கேட்டபோது உனக்கு என்ன தோன்றிற்று?" என்று ஒரு பையனைக் கேட்டேன். நல்ல புத்திசாலி. சற்றுத் திகைத்து நின்றுவிட்டு, "சோகம்தானே, ஸார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். தன் மனத்தில் உண்டானது இன்னதென்று உபாத்தியாயர் ஊர்ஜிதம் செய்யவேண்டும் என்று காத்து நின்றான்!

இந்த நிலையில்தான், 2024 ஆகஸ்டில் வெளியான 'கொட்டுக்காளி' படத்தைப் பார்த்தேன். டைரக்டர் ஸ்ரீ பி. எஸ். வினோத்ராஜ். இவருடைய முதல் படமான 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் படவிழாவில் பரிசு பெற்றது. 'கொட்டுக்காளி'யில் பின்னணி சங்கீதம் என்பதே கிடையாது. படம் தொடங்கிச் சிறிது நேரம் ஆனதும், எனக்குப் பின்னால் இருந்த ஒரு கனவான், "மெஷின் கெட்டுவிட்டதோ?" என்று உரக்கச் சந்தேகம் கேட்டார். அரை மணிக்குப் பிறகு அவர் மூச்சுவிடும் சப்தம்கூடக் கேட்கவில்லை.

கதை இவ்வளவுதான். மீனா என்ற பெண் வேறு ஜாதிப் பையன் ஒருவனை விரும்புகிறாள். ஆகையால் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பத்தார் தீர்மானித்து, ஆட்டோவில் ஏற்றிச் சாமியார் ஒருவரிடம் கொண்டுபோகிறார்கள். அவளை மணக்க இருக்கும் பாண்டியாக ஸ்ரீ சூரி வருகிறார். மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுவதும் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. நமக்குக் கேட்பதெல்லாம் ஆட்டோவின் இரைச்சல், பலிக்குக் கொண்டுபோகும் சேவலின் குரல், ஆண்பிள்ளைகளின் அதட்டல்.

போகும் வழியில் எங்கிருந்தோ ஒரு சினிமாப் பாட்டு கேட்கிறது. மீனா அதைத் தனக்குள் மெல்ல முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டிக்கு ஆவேசம் வந்துவிடுகிறது. அவளை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். அந்த அடிகளுக்குத் துணையாக மத்தளமும் இல்லை, பிடிலும் இல்லை. கை விழுகிற சப்தம்தான். வழக்கம்போல் நாற்பது வாத்தியங்கள் முழங்கியிருந்தால் அந்தப் பெண்ணின் முணுமுணுப்பு நம் காதிலே விழுந்திருக்குமா?

பத்தாம் வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்கின பெண், பதினோராம் வகுப்பில் திடீரென்று பேச்சற்றுப் போவதை நான் கண்டதுண்டு. கூப்பிட்டு விசாரித்தால், "ஒன்றுமில்லை, ஸார்" என்பாள். அந்த "ஒன்றுமில்லை"க்குப் பின்னணி வாசிக்க யாரும் வருவதில்லை. அவளோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது கேட்பதில்லை; சில சமயம் பெற்றவர்களுக்கே கேட்பதில்லை. பிடில் அழுதால்தான் துக்கம் என்று பழகிவிட்ட காதுக்கு எப்படிக் கேட்கும்?

நான் சங்கீதத்துக்கு விரோதி என்று யாரும் எண்ணவேண்டாம். அதே 2024-ல் வந்த 'மஞ்ஞும்மெல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில், கொடைக்கானல் குகைப் பள்ளத்தில் விழுந்த நண்பனை மேலே கொண்டுவரும் சமயத்தில், 1991-ல் வெளியான 'குணா' படத்தின் பாட்டு ஒன்று எழுகிறது. கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள், நானும் பாடினேன். சரியான இடம் வரும்வரையில் காத்திருந்து ஒலித்த பாட்டு அது.

காத்திருக்கத்தான் நமக்குப் பொறுமை இல்லை. அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்ரீ பிரேம்குமார் 'மெய்யழகன்' என்ற படத்தைத் தந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தில், இரண்டு உறவினர்கள் ஓர் இரவு முழுவதும் பேசிக் கொண்டிருக்கிறார்கள். அன்பாய் உபசரிக்கிற அந்த உறவினனின் பெயர் விருந்தாளிக்கு ஞாபகமே இல்லை, கேட்கவும் வெட்கம். அந்த வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாக முற்றிப் பொறுக்கமுடியாமல் போவதற்கு நேரம் வேண்டும். ஆனால் படம் நீளம் என்று பலர் குறைப்பட்டுக்கொள்ளவே, வெளிவந்த சில தினங்களிலேயே சுமார் 18 நிமிஷத்தைக் கத்தரித்துவிட்டார்கள். நான் பார்த்தது கத்தரிக்காத பிரதி. என் தம்பி மறு வாரம் பார்த்தது கத்தரித்தது. வெட்டிய சங்கதி ஒன்றும் அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கலாம், அண்ணா" என்றான்.