இரண்டாவது சாவி

காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஸ்நேகா செய்த ஒரு வேலை பல நாளாக மனதிலேயே நிற்கிறது. ஸ்நேகா, 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. பூ விளைகிற ஊர்களில் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கும். ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம் எழுப்பி, பேங்க் லாக்கர் போலப் பெட்டிகள் வைத்து, மருந்தை அங்கே பூட்டச் சொன்னார்கள். ஒரு சாவி விவசாயியிடம், இன்னொன்று பொறுப்பாளரிடம். இரண்டு ஊரில் செய்து, செய்யாத இரண்டு ஊரோடு ஒப்பிட்டு 2013-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் பெட்டி வைத்த ஊர்களில் சாவு குறைந்திருந்தது.

பூட்டைவிட, அங்கே போய்ச் சேரும் நடையும் எதிரே இருக்கிற ஒரு மனுஷ முகமும்தான் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். மனசு கொதிக்கிற நேரம் அதிகம் நீள்வதில்லை. அதைத் தாண்ட ஓர் ஆள் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது?

*

'மன அழுத்தம்' என்பது பெரியவர்கள் சொல். பிள்ளைகள் சொல்வது வேறு. "ஒரு மாதிரியா இருக்கு மிஸ்." "வயிறு வலிக்குது சார், வீட்டுக்குப் போகவா?" "ஒண்ணுமில்ல மிஸ்." இந்தக் கடைசிச் சொல்லைத்தான் அதிகம் கவனிக்கணும்.

*

கடலூரில் நான் பாடம் எடுத்த காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் திங்கட்கிழமை தவறாமல் தலைவலி வரும். ஹோம்வொர்க் செய்யாததற்குச் சாக்கு என்று நினைத்து, இரண்டு முறை வெளியே நிற்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா குடித்துவிட்டு வருவார், இரவெல்லாம் தூக்கமில்லை என்பதை சத்துணவு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அக்காவிடம் அவன் எப்போதோ சொல்லியிருந்தான். அவள் துருவித் துருவி எதுவும் கேட்கவில்லை. முட்டையை வைத்துவிட்டு, "ஏண்டா கண்ணு செவந்திருக்கு" என்றாள், அவ்வளவுதான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

*

எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு டிசம்பர் தனி மாதம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, அரையாண்டு விடுமுறை: சுனாமி. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், தெற்கே கிள்ளை வரை. 2011 டிசம்பர் 30: தானே புயல், பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015-ல் வெள்ளம், புத்தகப்பை நனையாத வீடு குறைவு.

சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்து ஆட்கள் ஊர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். படம் வரைய விடுங்கள், விளையாட விடுங்கள், சொல்லும்போது கேளுங்கள், சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். இந்த நாலும் சாதாரண நாளுக்கும் பொருந்தும். ஆனால் நிவாரணம் முடிந்ததும் இதுவும் முடிந்துவிட்டது போல நடந்துகொண்டோம். கார்த்திகையில் காற்று கொஞ்சம் திரும்பினால் பெஞ்சில் இருக்கிற பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளையும் பார்க்கும். வீட்டில் அம்மா பார்ப்பதைப் பார்த்துப் பழகியது.

*

நாடு முழுவதும் 2022-ல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது: 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்கணும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தரணும். நல்ல உத்தரவு. ஆலோசகர் வரட்டும். வந்தபின் அவரை ஆள் வராத பாடத்துக்கு சப்ஸ்டிட்யூட்டாக அனுப்பாமலும் இருக்கணும். அப்படி அனுப்பினால், கணக்கு வகுப்பில் எழுந்து நிற்க வைத்தவரிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

*

மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட். மாநில ரேங்க் அறிவிப்பை 2017-ல் தமிழ்நாடு நிறுத்தியது. இது நல்ல காரியம். தோற்றவர்களுக்கு ஒரு வருஷம் வீணாகாமல் உடனே துணைத்தேர்வு வைப்பது அதைவிடப் பெரிய காரியம். சில வாரத்தில் இன்னொரு கதவு திறக்கும் என்று தெரிந்தால் பிள்ளை அன்றிரவு தூங்கும். ரிசல்ட்டுக்கு முந்தின நாளே இதைச் சொல்லிவிடணும். தோற்றபின் சொல்வது காதில் ஏறாது.

ஆனால் தெருமுனையில் முதல் மதிப்பெண் ஃபிளெக்ஸ் பேனர் இன்னும் நிற்கிறது. அதைக் கடந்துதான் மற்ற எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகணும்.

*

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். சாதியால் படிக்க இடமே கிடைக்காத பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் சாப்பாடும். அவமானப்பட்ட பிள்ளையின் மனநலத்துக்கு அதைவிடப் பெரிய மருந்து அன்றைக்கு இருந்திருக்காது. இன்று எல்லாருக்கும் வகுப்பில் இடம் இருக்கிறது. கையில் சாதிக் கயிறும் இருக்கிறது. நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. கயிற்றுக்குத் தடை வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் படிக்கிற பள்ளியில் ஒரு நல அலுவலர் வேண்டும் என்றும் சொன்னது. கயிற்றைப் பற்றி டிவியில் எல்லாரும் பேசினார்கள். நல அலுவலரைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

*

பெற்றோர்: "இதுக்குப் போயி டாக்டரா? மந்திரிச்சா சரியாயிடும்." சண்டை போடாதீர்கள். மந்திரித்துவிட்டே வரட்டும், ஆனால் அண்ணாமலைநகர் ஆஸ்பத்திரியிலும் ஒரு சீட்டுப் போடட்டும். கடலூர் அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. "தூக்கம் வரலைங்க, அதுக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால் அப்பாக்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

*

14416. டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும், காசில்லை, தமிழில் பேசலாம். இந்த எண்ணை ஹெச்.எம். ரூம் வாசலில் ஒட்டுகிறார்கள். அங்கே நின்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டால், மதிய இடைவேளைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். போன வாரம் தெரிந்த டீச்சர் ஒருவரிடம் சொன்னேன்: பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டு, பையன்கள் பக்கமும் அப்படியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று. தனியாக நிற்கிற இடத்தில் இருக்கணும். "கிழிச்சிடுவாங்களே" என்றாள். கிழித்தால் இன்னொன்று ஒட்டலாம், பத்துத் தாள் தருகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை போன் செய்தாள். இரண்டு தாளில் எண்ணைக் காணோமாம். கிழித்துப் போடவில்லை, எண் இருந்த துண்டை மட்டும் யாரோ ஓரமாக மடித்துக் கிழித்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.