நாங்கள் நட்ட மரங்கள்

எங்களில் ஒருவர் சென்ற ஆண்டு திண்டுக்கல்லில் இருந்த தம் பூர்வீக வீட்டைக் காலி செய்தார். பரணிலிருந்த தகரப் பெட்டியில், கரையான் தின்று மிஞ்சிய பழைய கணையாழி இதழ்களுக்கு நடுவே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கிடைத்தது. முப்பது மாணவர்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். கையில் கடப்பாரை, மண்வெட்டி, பாலிதீன் பைகளில் நாற்று. முன்வரிசையில் இடுப்பில் கைவைத்து, உலகத்தையே பசுமையாக்கிவிட்ட மிதப்பில் நிற்கும் மூவர் நாங்கள்தாம். பின்னணியில், மூடுபனி தொடங்கும் இடம் வரை, ஒரு மரம்கூட இல்லாத புல்மேடு. படத்தின் பின்புறம் 'மேல்மலை முகாம், 1985' என்று மையால் எழுதியிருந்தது.

அது எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். பூம்பாறைக்கு அப்பால், மன்னவனூர் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து நாட்கள் தங்கினோம். எட்டு நாள் வேலை. ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பது குழி. கணக்குப் பார்த்தால் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாற்றுகள். எல்லாம் வாட்டில் மரம். நீலகிரியில் இதைச் சீகை என்பார்கள். 'வெற்று நிலத்தை வனமாக்குகிறீர்கள்' என்று தொடக்க விழாவில் பேசியவர் சொன்னார். அந்த வாக்கியத்தை நாங்கள் நெடுங்காலம் நெஞ்சில் வைத்திருந்தோம். பின்னாளில் பட்டிமன்ற மேடைகளில் சுற்றுச்சூழல் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம், 'நாங்களே ஒரு காட்டை நட்டவர்கள்' என்று சொல்லிக் கைத்தட்டலும் வாங்கியிருக்கிறோம்.

ஒரு விவரம் மட்டும் எங்கள் மூவருக்கும் ஒன்றுபோல நினைவிருக்கிறது. நாங்கள் தோண்டிய மண் கரி நிறமாக இருந்தது. கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் கசிந்தது. சரிவின் அடிப்பகுதியில் ஒரு முழம் தோண்டுவதற்குள் குழியில் நீர் ஊறி நின்றது. மதுரை, திண்டுக்கல் வறட்சியில் வளர்ந்த எங்களுக்கு அது பெரும் வியப்பு. 'இவ்வளவு ஈரமுள்ள மண்ணில் மரம் முளைக்காமல் இருப்பானேன்' என்று பேசிக்கொண்டோமே தவிர, அந்த ஈரத்தை அங்கே நிறுத்தி வைத்திருப்பது எது என்று ஒருவரும் கேட்கவில்லை. காலடியில் மிதிபட்டுக் கிடந்தது அந்தப் புல்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் புல்வெளியும் சோலையும் இணைந்தே இருக்கும். மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, பாசி படர்ந்த மரங்கள் செறிந்த சோலை. மேட்டிலும் சரிவிலும் புல். மழையும் மூடுபனியும் தரும் நீரைப் புல்லின் வேரும் கறுப்பு மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகின்றன. அச்சொட்டுகள் சேர்ந்துதான் சோலைக்குள் ஓடையாகின்றன. வடக்கே பழனியின் சண்முகநதிக்கும் வரதமாநதிக்கும், தெற்கே மஞ்சளாற்றுக்கும் வராகநதிக்கும் இந்த மலைதான் தாய்வீடு. பழனிக்குப் போய்ச் சண்முகநதியில் முழுகி எழுகிறவர்களில் எத்தனை பேர் தலைக்கு மேலுள்ள புல்லை நினைத்திருப்போம்?

அந்தப் புல்லின் மீது வேகமாக வளரும் அயல் மரங்களை நட்டால், அவை ஆண்டு முழுவதும் நீரை இழுத்து இலை வழியே விட்டுவிடுகின்றன. இது வெறும் ஊகமன்று. நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில், அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டு, பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் சுமார் 25 விழுக்காடு. நாங்கள் 'காடு வளர்த்த' 1985இல் அந்த அளவீடு நடந்துகொண்டுதான் இருந்தது.

பழனிமலையின் கணக்கு 2018இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், 1973க்கும் 2014க்கும் இடையில் மலைமுகட்டுப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்று கண்டார்கள். விழுங்கியவை பெரும்பாலும் மரத்தோட்டங்களும் வேளாண்மையும். அந்த மூன்றில் இரண்டு பங்கினுள் எங்கள் ஒன்பதாயிரம் குழிகளும் அடக்கம்.

வாட்டிலைக் கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்த இம்மரத்தின் பட்டை தோல் பதனிட உதவும். திண்டுக்கல்காரர்களுக்குத் தோல் பதனிடும் ஷாப்புகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை; அந்த வாடையினூடே பள்ளிக்குப் போனவர்கள் நாங்கள். மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்தார்கள். மலைமக்களுக்கு விறகும் கிடைத்தது. புல் மட்டும் எவருடைய கணக்கேட்டிலும் வரவில்லை. குறிஞ்சி என்ற சொல்லுக்கு உரை எழுதத் தெரிந்த நாங்கள்கூட, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடி இந்தப் புல்மேட்டில்தான் வாழ்கிறது என்பதைப் பொருட்படுத்தவில்லை. 2006இலும் 2018இலும் பூ பார்க்கப் போனோம். அது நிற்கும் நிலத்தைப் பார்க்கவில்லை.

புகைப்படம் கிடைத்த பிறகு, சித்திரை வெயிலில் மூவரும் கொடைக்கானல் ஏறினோம். நேரே மேல்மலைக்குப் போக மனம் துணியவில்லை. முதலில் வட்டக்கானல் போனோம்.

வட்டக்கானல் இன்று இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொள்ளும் ஊர். அவர்கள் நின்று படம் எடுக்கும் இடத்தின் அருகிலேயே பாம்பாறு சோலை இருக்கிறது. பாம்பாறு அங்கிருந்து அருவியாக விழுந்து, செங்குத்துச் சரிவில் இறங்கி, பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் மீண்டும் அருவியாகி, வராகநதி வழியே வைகைக்குப் போகிறது. கும்பக்கரையில் குளிக்காத மதுரைக்காரர் யார்?

இந்தச் சோலைக்காக உழைத்தவர்களில் இருவரைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கார் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் 1980களில் இங்கு வந்து வட்டக்கானலில் தங்கிவிட்டவர்கள். தாவரவியலைக் காட்டிலேயே கற்றவர்கள். பழனிமலைத் தாவரங்களைப் பற்றி 1999இல் மூன்று பகுதிகளாகப் பெருநூல் வெளியிட்ட திருச்சி ராபினட் தாவரக் காப்பகத்தின் பாதிரியார் கே. எம். மாத்யூவோடு சேர்ந்து செடி தேடினார்கள். 2001இல் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். சோலை மரங்களின் விதையைப் பொறுக்கி, எது எந்த மாதம் காய்க்கும், எது முளைக்க எத்தனை காலம் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கற்று, உள்ளூர்ப் பெண்களையும் ஆண்களையும் வேலைக்கு வைத்து நாற்று வளர்த்தார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் பிளாஸ்கோவின் பெயர் தாங்கிய, உருத்திராட்ச இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் அழிந்தேபோயிற்று என்று கருதப்பட்டுப் பின்னர் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதற்கும் நாற்று வளர்த்தார்கள். இருவரும் இன்று இல்லை.

(அவர்களுக்கு முன்பே, 1985இல், பழனிமலைப் பாதுகாப்புக் கழகம் தொடங்கப்பட்டுவிட்டது. கொடைக்கானலில் விதிமீறி எழும்பிய ஒரு விடுதியின் மாடிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1995இல் வென்றவர்கள் அவர்கள். அவ்வழக்கின் பின்கதை தமிழகம் அறிந்ததே. நாங்கள் குழி தோண்டிய அதே ஆண்டில் அதே மலையில் வேறு சிலர் வேறு விதமாகவும் யோசித்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குச் சற்று உறுத்தலான செய்தி.)

நாங்கள் போன நாளில், ஓடைக்கரையோரம் ஒரு சிறு புல்திட்டில் முளைத்த வாட்டில் கன்றுகளைப் பிடுங்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தன்னார்வலர்கள் சிலர், உள்ளூர்ப் பெண்கள் நால்வர். எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பிராயச்சித்தம் செய்ய வந்தவர்களின் ஆவேசம் எங்களுக்கு. 'இதென்ன கன்று கன்றாக? ஆள் வைத்து மலை முழுவதும் வெட்டிச் சாய்க்க வேண்டியதுதானே' என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

பெண்களில் மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். இருபது ஆண்டுகளாக நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவராம்.

"வெட்டலாம்ணே. வெட்டுனா வெயிலு படும். மண்ணுக்குள்ள அதோட வெத ஒறங்கிக்கிட்டுக் கெடக்கு. ஒரு மரத்த எடுத்தா நூறு மொளைக்கும். வெட்டுறவுக நாளைக்குப் போயிருவாக. வருசா வருசம் யாரு குனிஞ்சு புடுங்குறது?"

பிறகு எங்களைச் சற்று தொலைவில் இருந்த பழைய வாட்டில் தோப்பினுள் அழைத்துப் போனார். முற்றிச் சாயத் தொடங்கிய மரங்களின் நிழலில், முழங்கால் உயரத்துக்குச் சோலைக் கன்றுகள் நின்றன. பறவைகள் போட்ட விதை. "இது யாரும் நட்டதில்ல. மேல நிக்கிறது வெளிநாட்டு மரம்தான். ஆனா இப்ப இதுதான் கொட புடிக்குது. இதச் சாய்ச்சா கீழ இருக்கிற புள்ளைக நசுங்கிப் போகும்."

பாப், தான்யா இருவரும் நெடுங்காலம் வலியுறுத்தியதும் இதைத்தான் என்று பின்னர் அறிந்தோம். சோலை தானாக எழும் தோப்புகளை விட்டுவிடுங்கள். எஞ்சியிருக்கும் புல்வெளிக்குள் அயல்மரம் நுழைவதை அதன் விளிம்பிலேயே தடுங்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள். அயல்மரம் என்றால் வெட்டு என்று ஒரே வரியில் சொல்வது, வெற்று நிலம் என்றால் நடு என்று ஒரே வரியில் சொன்னதற்கு உடன்பிறப்பு. அன்று அதை நம்பியவர்கள்தாம் இன்று இதையும் நம்பிக்கொண்டு மலையேறியிருந்தோம்.

விறகைப் பற்றிக் கேட்டோம். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அறுநூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. "கேஸு இருக்கு. ஆனா குளிருக்குக் கேஸு பத்த வச்சு ஒக்காரமுடியுமா? வெந்நிக்கு வெறகுதான். சுள்ளி பொறுக்கப் போனா சில நாளு ஒண்ணும் சொல்ல மாட்டாக, சில நாளு வெரட்டுவாக" என்றார். புல்வெளி வேண்டும் என்று நகரத்திலிருந்து வந்து சொல்வது எளிது. வாட்டிலை வெறுக்கச் சொல்லும் எங்களிடம், அந்தப் பெண்ணின் அடுப்புக்கு மாற்று ஏதும் இருக்கவில்லை. ஆற்றை மீட்கும் எந்த முயற்சியும் அந்த அடுப்பைக் கடந்து போக முடியாது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பாம்பாற்றுக்கு மரம் மட்டும் துன்பமன்று. சோலைக்கு மேலேயுள்ள மேட்டில் வெப்பமானி ஆலை ஒன்று இருந்தது. பாதரசம் கலந்த கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட்டு, 2001இல் அது மூடப்பட்டது. 2003இல் கழிவின் ஒரு பகுதியைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. அது தனியாக எழுதப்பட வேண்டிய கதை.

மறுநாள் மேல்மலைக்குப் போனோம். பள்ளிக்கூடம் இருந்தது. புகைப்படத்தை நீட்டிப் பிடித்து மலையின் கோட்டை ஒப்பிட்டு, இடத்தைக் கண்டுகொள்ள அரை மணி நேரம் ஆயிற்று. புல்மேடு இருந்த இடத்தில் அடர்ந்த வாட்டில். உள்ளே இருட்டு, தரையில் சருகு. முகாமின்போது நாங்கள் குளித்த ஓடை வறண்டு, கற்கள் வெள்ளையாகக் கிடந்தன. ஒரு கோடையைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது தெரியும். அவ்வாண்டு மழை எப்படியோ, மேலே யார் குழாய் போட்டிருக்கிறார்களோ. ஆயினும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் குனிந்து மண்ணை அள்ளிப் பிழிந்து பார்த்தார். பொடியாக உதிர்ந்தது.

சோலைக் கன்று ஏதேனும் கீழே முளைத்திருக்கிறதா என்று தேடினோம். அருகில் சோலை இருந்தால்தானே பறவை விதை கொண்டுவரும்? ஒன்றும் தென்படவில்லை.

திரும்பும் வழியில் மீண்டும் வட்டக்கானலில் இறங்கினோம். பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அதே புல்திட்டில் அதே பெண்கள். குனிந்து பிடுங்கத் தொடங்கினோம். சிறிது நேரத்தில், "அண்ணே, நில்லுங்க" என்று குரல். முன்தினம் மலை முழுவதையும் வெட்டச் சொன்ன நண்பரின் கையிலிருந்த கன்றை அந்த அம்மா வாங்கிப் பார்த்தார். அது வாட்டில் இல்லையாம். ஓடைக்கரைச் சோலை மரம் ஒன்றின் கன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரே நட்டது.

நண்பர் பதறிப்போனார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேரில் ஒட்டியிருந்த மண் உதிராமல் கையால் பொத்திக்கொண்டு, அதே குழியை விரலால் அகலப்படுத்தி, கன்றை இறக்கி, சுற்றிலும் அழுத்தினார். பிறகு தம் தண்ணீர் பாட்டிலை நண்பரிடம் நீட்டினார்.

"மெதுவா ஊத்துங்கண்ணே. வேரு பக்கமா. ஒரேயடியா ஊத்தாதீங்க."