பழைய கணினியும் பழுதறியும் முறையும்

பழையது என்றாலே பயனற்றது எனத் தீர்ப்பளிக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வீட்டிலுள்ள கணினி ஏழெட்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டால், அதில் தோன்றும் எக்குறைக்கும் அதன் வயதே காரணமாகிவிடுகிறது. காணொளி தயங்கித் தயங்கி ஓடினாலும், திரை இருண்டு போனாலும், "புதிது வாங்கிவிடலாம்" என்பதே முதலில் எழும் சொல். குறை யாது, அது எங்கே தோன்றியது என்று கேட்பவர் சிலரே. ஆராயாமல் அளிக்கும் இத்தீர்ப்பினால் வீணாவது பணம் மட்டும்தானா?

2020ஆம் ஆண்டு இக்கேள்விக்கு விடை தந்தது. கொவிட்-19 பரவலைத் தடுக்கும் பொருட்டு, அவ்வாண்டு ஏப்ரல் 8 முதல் மே 4 வரை சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. வகுப்பறைப் பலகையின் இடத்தைக் கணினித் திரை பிடித்துக்கொண்டது. புதிய கணினி இருந்த இல்லங்களில் பாடம் தடையின்றி நடந்தது. இல்லாத இல்லங்களில், அலமாரியின் மேல் தூசு படிந்து கிடந்த பழைய மடிக்கணினி மீண்டும் மேசைக்கு வந்தது.

தேக்கா வட்டாரத்து அடுக்குமாடி வீடு ஒன்று. பாட்டனாரின் மடிக்கணினி முன் அமர்ந்திருந்தான் தொடக்கநிலை ஐந்தில் பயிலும் பேரன். ஆசிரியர் பதிவு செய்து அனுப்பிய பாடம் தொடங்கிய சில நொடிகளிலேயே படம் உறைந்து நின்றது. குரல் மட்டும் தொடர்ந்தது. உள்ளிருந்த விசிறி இரைந்தது. "தாத்தா, சார் பேசுவது கேட்கிறது, எழுதிக் காட்டும் கணக்குத்தான் தெரியவில்லை" என்றான் சிறுவன். "கொஞ்சம் பொறு, ஐயா" என்பதைத் தவிர முதியவரால் வேறொன்றும் சொல்ல இயலவில்லை. மூன்று நாட்கள் பயிற்சிகள் விடையின்றிக் கிடந்தன. பையனுக்குப் பாடத்தில் நாட்டமில்லை என்று பள்ளியில் எண்ணத் தலைப்பட்டனர். பிழை செய்தது பொறி; பழி சுமந்தது பிள்ளை.

ஒருவர் வீட்டிற்கு மற்றவர் செல்லலாகாது என்றிருந்த காலம் அது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் அண்டைவீட்டு இளைஞன் தொலைபேசி வழியே கேள்விகளைத் தொடுத்தான். "தாத்தா, கணினியிலேயே சேமித்து வைத்த படம் ஏதேனும் உண்டா? அதை ஓடவிட்டுப் பாருங்கள்" என்றான். பழைய திருமணக் காணொளி ஒன்று தங்குதடையின்றி ஓடியது. ஆகவே, குறை திரையில் இல்லை. மாலையில் வீடு திரும்பிய தந்தையின் கைத்தொலைபேசியில், அதே இணைய இணைப்பில், பாடம் எழுத்துச் சிறுத்தேனும் தடையின்றி ஓடியது. ஆகவே, குறை இணைப்பிலும் இல்லை. இறுதியாக, பாடத்தின் படத்தரத்தை 1080இலிருந்து 480க்குக் குறைக்கச் சொன்னான். கணக்கு வரிவரியாகத் திரையில் தெரிந்தது. ஒரு காசும் செலவாகவில்லை.

காரணம் எளிது. முழுத்தெளிவுக் காட்சியொன்றில் 1,920க்கு 1,080 என்ற அளவில் இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 படங்களாக அவற்றை அப்படியே அனுப்பினால், நொடிதோறும் ஏறத்தாழ 155 மெகாபைட் தேவைப்படும். அதனால் காணொளியைச் சுருக்கி அனுப்புகின்றனர். பெறும் கணினி அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கும் முறையோ காலந்தோறும் மாறி வருகிறது. 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று பழைய கணினிகள் பலவற்றில் உண்டு. 2013இல் வந்த விபி9, 2018இல் வந்த ஏவி1 ஆகியவற்றுக்கான சுற்று அவற்றில் இல்லை. அப்பணி முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுகிறது. சூடு ஏறுகிறது; வேகம் தளர்கிறது; படம் உறைகிறது. ஒலிக்கு வேண்டிய உழைப்பு சிறிதாகையால் குரல் மட்டும் தப்பிவிடுகிறது. தரத்தை 480க்கு இறக்கினால் புள்ளிகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. பழைய பொறியும் மூச்சுவிடுகிறது.

ஏனைய குறைகளுக்கும் இத்தகைய வழிகள் உண்டு. ஒலி கேட்டும் படச் சட்டம் மட்டும் கறுப்பாகவோ பச்சையாகவோ தெரிந்தால், உலாவியின் அமைப்புகளில் 'வன்பொருள் முடுக்கம்' என்பதை நிறுத்திப் பார்க்கலாம். திரை முழுதும் இருண்டால், வேறொரு திரையை இணைத்துப் பார்க்க வேண்டும். அதில் படம் வந்தால், பழுது மடிக்கணினியின் திரையிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ இருக்கக்கூடும். இருண்ட திரைமீது கைவிளக்கைச் சாய்த்துப் பிடிக்கையில் மங்கலாக உருவம் தெரிந்தால், கெட்டது பின்னொளியே. காணொளித் தளமே திறக்க மறுத்தால், கணினியின் கடிகாரத்தை நோக்க வேண்டும். உள்ளிருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை அத்தேதியோடு ஒப்பிடும் உலாவி, அதை ஏற்க மறுக்கும். சில வெள்ளி விலையுள்ள மின்கலத்திற்காக முழுக் கணினியும் குப்பைக்குப் போவது எத்தகைய அவலம்! இச்சோதனைகள் அனைத்திற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றினால், எது குணம் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

எல்லாப் பழைய கணினிகளையும் காப்பாற்றிவிடலாம் என்று கூறுவதும் மிகையே. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது அறிவுடைமையாகாது. உண்மையிலேயே ஆயுள் முடிந்தவற்றை முறையாகச் சேகரிக்கும் மின்கழிவுத் திட்டம் 2021 ஜூலை 1இல் சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேரும் சிறு தீவு இது. அக்குவியலில் உயிருள்ளவை எத்தனையோ!

லிட்டில் இந்தியாவுக்கு அருகே, சுங்கை சாலையில் பல்லாண்டுகள் நடைபெற்ற பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10இல் மூடப்பட்டது. ஒருவர் கழித்ததை மற்றவர் பயன்கொண்ட இடம் அது. சந்தை மறைந்தாலும் அந்த எண்ணம் மறையவில்லை. 2020இல் எஞ்சினியரிங் குட் என்னும் தொண்டு அமைப்பினர், நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளைச் செப்பனிட்டு, வசதி குறைந்த குடும்பங்களுக்கு வழங்கினர். பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய பொறிகள் பிள்ளைகளின் வகுப்பறைகளாயின.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கடைசி வரிசையில் அமர்ந்து பலகையைக் காண இயலாத பிள்ளையை மந்தமானவன் என்று ஒதுக்கிய பின்னரே, அவனுக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி என்று அறிந்துகொண்ட வகுப்பறைகள் பல. நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைக் கண்டபின் மருந்தை நாடுக என வள்ளுவர் மருத்துவர்க்கு உரைத்த அறிவுரை பொறிக்கும் பொருந்தும், பிள்ளைக்கும் பொருந்தும். புதியதை வாங்குமுன் பழையதை ஒருமுறை ஆராய்வோம். பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் எதிரேயுள்ள திரை அவனுக்குத் தெரிகிறதா என்று பார்ப்போம்.