வினாகிரியோடு நின்றுவிடும் எதனோல்

கள்ளைச் சில நாட்கள் திறந்து வைத்தால் அது புளித்து வினாகிரியாகிவிடும் என்பதைப் பனையும் தென்னையும் வளரும் ஊர்களில் அறியாதவர் இல்லை. பற்றீரியாக்கள் அதிலுள்ள எதனோலை அசற்றிக்கமிலமாக ஒட்சியேற்றிவிடுகின்றன. விலைமிக்க பிளாற்றினத்தை மின்வாயாக அமைத்து, ஐதான அமிலத்தில் எதனோலை ஒட்சியேற்ற முயலும் ஆய்வாளனும் பெரும்பாலும் அதே வினாகிரியைத்தான் பெறுகிறான். எரிபொருட்கல ஆராய்ச்சியின் நெடுநாளைய சங்கடம் இது.

எதனோல் மூலக்கூறு ஒன்று முற்றாக ஒட்சியேறிக் காபனீரொட்சைட்டாகுமாயின் 12 இலத்திரன்களைத் தரும். அசற்றிக்கமிலத்தோடு நின்றால் 4. அசற்றல்டிகைட்டோடு நின்றால் 2 மட்டுமே. ஒரு கிராம் எதனோலிலிருந்து ஏறத்தாழ 7 அம்பியர் மணி ஏற்றம் கிடைக்கவேண்டிய இடத்தில், அமிலத்தோடு நின்றால் 2.3 அம்பியர் மணியே கிட்டும். தடையாயிருப்பது மூலக்கூறின் நடுவேயுள்ள காபன்-காபன் பிணைப்பு. மெதனோலில் ஒரே காபன் இருப்பதால் இத்தொல்லை இல்லை. ஆனால் மெதனோல் நஞ்சு; எதனோலோ கரும்பிலிருந்து நொதித்தெடுக்கத்தக்கது.

பிணைப்பு அறுந்தாலும் இடர் தீர்வதில்லை. அறுந்த துண்டுகள் காபனோரொட்சைட்டாகிப் பிளாற்றினப் பரப்பை இறுகப் பற்றிக்கொள்கின்றன. புதிய மூலக்கூறு அமர இடமின்றி மின்வாய் செயலிழக்கிறது. அத்துண்டுகளை அகற்றுவதற்கான ஒட்சிசனை நீரிலிருந்து பெறப் பிளாற்றினத்துக்கு உயர்ந்த அழுத்தம் வேண்டும். உருதேனியம், வெள்ளீயம் போன்றவை அப்பணியைத் தாழ்ந்த அழுத்தத்திலேயே செய்யும். 1975 இல் ஜப்பானிய ஆய்வாளர்களான வத்தனாபேயும் மோத்தோவும் பிளாற்றினத்தின்மீது உருதேனிய அணுக்களைப் படியவைத்து இதனை விளக்கினர். ஓர் உலோகம் எரிபொருளைப் பற்ற, மற்றது ஒட்சிசனை வழங்குகிறது.

எதனோலைப் பொறுத்தமட்டில் வெள்ளீயத்தின் புகழே பெரிது. அதைச் சேர்த்ததும் வரைபின் முடி உயர்கிறது, மாணவன் மகிழ்கிறான். இங்கேதான் விழிப்பு வேண்டும். அம்பியர்மானி இலத்திரன்களை எண்ணுமேயன்றி, அவை எவ்வழியால் வந்தன என்று சொல்லாது. வெள்ளீயம் பெரும்பாலும் அசற்றிக்கமில வழியையே விரைவாக்குகிறது; முன்னிலும் வேகமாக வினாகிரி ஆக்கப்பட்டது, அவ்வளவே. செந்நிறக்கீழ்க் கதிரைச் செலுத்தி, சதமமீற்றருக்கு ஏறத்தாழ 2343 அலைகள் என்னும் இடத்தில் காபனீரொட்சைட்டின் பட்டை தோன்றுகிறதா என்று தேடாத ஆய்வை அரை ஆய்வு என்றே கொள்ளவேண்டும். மது அருந்தியவரின் மூச்சைச் சோதிக்கும் எரிபொருட்கலக் கருவிக்கு மட்டும் இக்குறை குறையன்று. எதனோல் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அதற்குப் போதும்.

கார ஊடகத்திற் பல்லேடியம் திறம்படத் தொழிற்படும். அங்கும் பெரும்பாலும் எஞ்சுவது அசற்றேற்றே. 2009 இல் அமெரிக்காவின் புறூக்கேவன் தேசிய ஆய்வுகூடத்தைச் சார்ந்த குழுவினர் பிளாற்றினம், உரோடியம், வெள்ளீய ஒட்சைட்டு ஆகிய மூன்றும் சேர்ந்த ஊக்கியொன்றை வெளியிட்டனர். பிணைப்பை அறுக்கும் பணி உரோடியத்துக்கு உரியதாயிற்று. அறை வெப்பநிலையிலேயே காபனீரொட்சைட்டு தோன்றியது. ஆயின் உரோடியம் மிக அரிய உலோகம். தனித்து நிற்கையில் அது பிணைப்பை நன்கு அறுப்பினும், தரும் மின்னோட்டம் சிறிது.