வில்லே பார்லே ஷெனாய்

1995 கணபதி சீசனில், சரியாக முதல் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, என்னுடைய 32 டோன்களும் ஒரே பிற்பகலில் காணாமல் போயின. திருடு போகவில்லை. ஒருவர் எனக்கு நல்லது செய்தார்.

அப்போது செம்பூரில் குடியிருந்தேன். பகலில் வங்கி வேலை, இரவில் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் தவணை முறையில் வாங்கிய யமஹா டிஎக்ஸ்7 என்னிடம் இருந்தது. 1983ல் வெளிவந்து உலகெங்கும் சினிமாப் பாட்டின் சத்தத்தையே மாற்றிய கருவி. அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்ப மறுத்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். இரண்டாம் நாள் கட்டை சரியாகி வந்தது. "உள்ளே பாட்டரி பழசா இருந்தது. அதையும் மாத்திட்டேன். அதுக்குக் காசு வேண்டாம்" என்றார், பெருந்தன்மையோடு.

அந்தப் பாட்டரி ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். கடிகாரத்திலும் பொம்மையிலும் போடும் அதே சிஆர்2032. கருவியை அணைத்த பிறகு அதன் நினைவைக் காப்பாற்றி வைப்பது அது மட்டுமே. கழற்றினால் எல்லாம் போச்சு. கம்பெனி கொடுத்த டோன்களைக் கூட வந்த கார்ட்ரிட்ஜிலிருந்து மீண்டும் ஏற்றிவிடலாம். நானே செய்தவற்றை எங்கிருந்து ஏற்றுவது?

டிஎக்ஸ்7ல் டோன் செய்வது எப்படி என்று தெரிந்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். ஒரு அலையைக் கொண்டு இன்னொரு அலையை உலுக்கினால் புதுப் புது ஒலிகள் பிறக்கும் என்பதை அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஜான் சௌனிங் 1967ல் கண்டுபிடித்தார். அந்த உத்திதான் இந்தக் கருவியின் உயிர். ஆறு அலைகள். எது எதை உலுக்க வேண்டும், எவ்வளவு, எத்தனை வேகத்தில் எழுந்து எப்போது அடங்க வேண்டும் என்று ஒரு டோனுக்கு 145 எண்கள். திருகுவதற்குக் குமிழ்கள் கிடையாது. சின்னத் திரையில் ஒரு நேரத்தில் ஒரு எண்தான் தெரியும். ஒரு எண்ணைக் கொஞ்சம் கூட்டினால் கோயில் மணி தகர டப்பா ஆகிவிடும். நான் செய்த நாதஸ்வரத்துக்கு மூன்று மாதம் பிடித்தது. அதில் பாதியை நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். மீதியை எழுதச் சோம்பல்.

அந்த வாரம் மாட்டுங்காவில் நிகழ்ச்சி. நாதஸ்வரத்துக்குப் பதில் கம்பெனியின் ஓபோவை வைத்து ஒப்பேற்றினேன். முடிந்ததும் முன்வரிசை மாமா ஒருவர் கேட்டார்: "இன்னிக்கு நாயனத்துக்கு ஜலதோஷமா?"

ஆறுதல் சொல்ல வந்தவர் அங்கிள். பாந்த்ராவில் வசித்த கோவாக்காரர். எங்கள் குழுவின் முதல் கீபோர்டு அவர்தான். நான் இரண்டாவது. அவரிடமும் ஒரு டிஎக்ஸ்7 இருந்தது. அவர் வாசித்த ஷெனாயைக் கேட்டுவிட்டுப் பந்தலில் பெண்வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். தன் டோன்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் ரயில் நிலையங்கள். தாதர், மாஹிம், அந்தேரி, பைகுல்லா. கருவியில் ஒரு பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். வில்லே பார்லே ஆங்கிலத்தில், நடுவில் விடும் இடத்தையும் சேர்த்து, சரியாகப் பத்து. அதுதான் ஷெனாய். மெரீன் லைன்ஸ் பத்தில் அடங்காது என்பதில் அவருக்குக் கடைசிவரை வருத்தம்.

பெயரை ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு முறை யாரோ ஒரு பையனுக்கு ஒரே ஒரு இரவு தன் கார்ட்ரிட்ஜை இரவல் கொடுத்தாராம். அடுத்த வாரமே அவருடைய ஷெனாய் இன்னொரு மேடையில், பாதிக் கூலிக்குக் கேட்டது. "விரலைக் காப்பி அடிக்க பத்து வருஷம் ஆகும் மேன். டோனைக் காப்பி அடிக்க பத்து நிமிஷம்" என்பார்.

பத்து நிமிடம்கூட ஆகாது என்று 1998ல் தெரிந்துகொண்டேன். அந்த ஆண்டுதான் கம்ப்யூட்டர் வாங்கினேன். லேமிங்டன் ரோட்டில் ஒரு கேபிள் கிடைத்தது. ஒரு முனை கம்ப்யூட்டரின் ஜாய்ஸ்டிக் துளையில், மறுமுனை கீபோர்டின் மிடி துளையில். மிடி என்பது வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடு ஒன்று பேச 1983ல் ஏற்பட்ட பொது மொழி. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்பதுதான் பெரும்பாலும் அதில் போகும் பேச்சு. ஆனால் அதற்குள் ஒரு ரகசியக் கதவும் வைத்திருக்கிறார்கள். 240 என்ற எண் வந்தால், இனி வருவது சங்கீதம் அல்ல, ஒரு கம்பெனியின் சொந்த விஷயம் என்று அர்த்தம். அடுத்து 67 வந்தால் யமஹாவுக்கு, 65 வந்தால் ரோலண்டுக்கு, 66 வந்தால் கோர்குக்கு. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். 247 வந்தால் பேச்சு முடிந்தது. டிஎக்ஸ்7ன் 32 டோன்களும் சேர்ந்து முன்னும் பின்னும் உள்ள முகவரிகளோடு 4,104 பைட். மிடியில் விநாடிக்கு 3,125 பைட் போகும். கணக்குப் போட்டால் 1.3 விநாடி!

மூன்று மாத நாதஸ்வரம், ஒன்றே கால் விநாடியில். மறுபடி உட்கார்ந்து புதிதாகச் செய்த டோன்களை அன்றே ஃபிளாப்பியில் ஏற்றி மூன்று பிரதிகள் எடுத்தேன். ஒன்றை வங்கியில் என் மேஜை அறையிலேயே பூட்டி வைத்தேன். சூடு கண்ட பூனை.

அங்கிளிடம் ஓடினேன். உங்களுடையதையும் எடுத்துத் தருகிறேன் என்றேன். முகம் இறுகிவிட்டது. "என் பாக்கெட்டில் கை விடாதே மேன்." அத்துடன் அந்தப் பேச்சு 18 ஆண்டுகளுக்கு நின்றது.

2016ல் அவரே போன் செய்தார். வயது 76. மேடை ஏறி ரொம்ப நாளாகியிருந்தது. "அந்தக் கம்ப்யூட்டர் வேலை உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?" பாட்டரி எத்தனை வோல்ட் என்று கருவியின் திரையிலேயே பார்க்க முடியும். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் 2.1 காட்டியது. ஒரு நிபந்தனை போட்டார். பிரதி அவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் என் லேப்டாப்பில் அழித்துவிட வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் வேலை நடக்கவில்லை. மலிவான யு.எஸ்.பி. கேபிளை எடுத்துப் போயிருந்தேன். அதில் 'இன்' என்று எழுதிய முனையைக் கீபோர்டின் 'அவுட்'டில் செருக வேண்டும் என்பது நினைவுக்கு வரவே கால் மணி நேரம். பிறகு அனுப்பினால், வந்து சேர்ந்தது 4,104 அல்ல. அதில் பாதிகூட இல்லை. இந்த மலிவுக் கேபிள்கள் மூன்று பைட் நீளமுள்ள ஸ்வரங்களை நன்றாகக் கடத்தும். நீளமாக ஒரு செய்தி வந்தால் மூச்சுத் திணறி நடுவில் கொட்டிவிடும். மோசம் என்னவென்றால், தப்பு நடந்தது என்று அது சொல்லாது. அளவைப் பார்க்காமல் பாட்டரியைக் கழற்றியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

மறுநாள் நல்ல இணைப்புப் பெட்டியோடு போனேன். மூன்று முறை எடுத்தேன். மூன்றும் 4,104, மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. டெக்ஸ்ட் என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. டிஎக்ஸ்7ன் கோப்பை அதில் திறந்தால் லேப்டாப்பிலேயே வாசிக்கலாம். திறந்தேன். தாதர், மாஹிம், அந்தேரி என்று திரையில் வரிசை கட்டி நின்றன. கடைசி 32வது இடம் மட்டும் காலி. அங்கிள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் வெளியே வந்துடுச்சே" என்றார்.

பழைய டிஎக்ஸ்7ல் பாட்டரியைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கியதும் அவர் பால்கனிக்குப் போய்விட்டார். எனக்கும் கை நடுங்கியது. அந்த நிமிடம் அந்த டோன்கள் இருந்த ஒரே வேறு இடம், ஐந்து வருடப் பழசான என் லேப்டாப். அது இப்போது அணைந்துபோனால்? கோப்பை எனக்கே ஈமெயில் அனுப்பிக்கொண்டேன். அதன் பிறகுதான் பாட்டரியைக் கழற்றினேன்.

புதுப் பாட்டரி போட்டதும் திரையில் பெயர்கள் இருந்த இடத்தில் குப்பை எழுத்துகள். திருப்பி அனுப்பினால், நினைவுப் பூட்டு போட்டிருக்கிறது என்று கருவி வாங்க மறுத்தது. பூட்டைத் திறந்து மறுபடி அனுப்பினேன். 1.3 விநாடி. அங்கிளைக் கூப்பிட்டேன். நின்றபடியே வில்லே பார்லேயை எடுத்து ஒரு வரி வாசித்தார். "இப்ப அழி" என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அவருக்கென்று ஒரு பென்டிரைவ்.

ஈமெயிலை அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2018ல் ஒரு கல்யாண வரவேற்பில், கூலி வாங்கிக்கொண்டு வாசித்த நிகழ்ச்சியில், அந்த ஷெனாயை எடுத்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். சபையில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அது அங்கிளின் ஷெனாய் இல்லை. 145 எண்களும் அதேதான், ஒலி மட்டும் செத்துக் கிடந்தது. ஸ்வரம் வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் விக்கியது. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. ஸ்வரத்தை வளைக்க இடப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் வளைக்கும் என்ற எண்ணைப் பழைய டிஎக்ஸ்7 டோனோடு சேர்த்துச் சேமிப்பதில்லை. அது கருவிக்குப் பொதுவானது. பாட்டுக்குப் பாட்டு அங்கிள் அதைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த எண் 4,104 பைட்டில் வரவே இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் நான் கவனிக்கவில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம். எதற்குக் கேட்கிறாய் என்பாரே!

2021ல் அங்கிள் காலமானார். அந்தக் காலத்தில் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை.

சென்ற ஆண்டு அவருடைய பேத்தி பேசினாள். கல்லூரியில் படிக்கிறாள், கீபோர்டு வாசிக்கிறாள். இன்று இந்திய வாத்தியங்களோடு கம்பெனியே கீபோர்டு போடுகிறது, பென்டிரைவில் டோன் கைமாறுகிறது. அவளுக்கு வேண்டியது தாத்தாவுடையது. பென்டிரைவைக் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. "உங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு தாத்தா சொல்வார் அங்கிள். இருந்தாலும் கேக்கறேன்."

இருக்கிறது என்றேன். எப்படி இருக்கிறது என்றும், கல்யாண வரவேற்பு உட்பட, சொல்லிவிட்டேன். கொஞ்சம் மௌனம். பிறகு, அனுப்புங்க என்றாள். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்தைவிடச் சின்னக் கோப்பு.

அன்று இரவு அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கீபோர்டுப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிய ஒரு மஞ்சள் காகிதம், அங்கிளின் கையெழுத்தில். தாதர் 2. பைகுல்லா 12. வில்லே பார்லே 3. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள். கீழே அவள் கேட்டிருந்தாள்: "இதென்ன, அந்தக் கால டிக்கெட் விலையா?"

இல்லை என்று எழுதி, சக்கரத்தைப் பற்றி விளக்கினேன். அந்தக் காகிதத்தையும் இரண்டு இடத்தில் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னேன். கருவியில் இருப்பது 2016ல் நான் போட்ட பாட்டரி. அதைத் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லவும், நல்ல கேபிள் என்னிடம் இருக்கிறது என்றும் எழுதினேன்.