இல்லாத சந்து

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் திருட்டு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் என்னுடைய சிறுகதை ஒன்று, பாத்திரங்களின் பெயர்கள் மட்டும் மாறி, வேறொருவர் பெயரில் ஒரு மலரில் வெளிவந்தது. அந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு நான் போட்ட கூச்சலை என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுவாள். அப்பேர்ப்பட்ட நான், போன வருஷம் ஐப்பசி அடைமழையில், நாலே ராத்திரிகளில் 42 சந்துகளைத் திருடினேன். திருடுகிறோம் என்று தெரியாமலே திருடினேன். அந்தச் சங்கதியைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த மழைக்கு முன்பே ஒரு ராத்திரி எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. வண்டியின் சத்தம் கடைத்தெருப் பக்கம் கேட்கிறது, ஆற்றங்கரைப் பக்கம் கேட்கிறது. எங்கள் சந்துக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் போய் அழைத்து வந்தான். டிரைவர் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் எங்கள் சந்தே கிடையாதாம். பாட்டி பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் சந்து, உலகத்தின் கணக்கில் இல்லாமல் போகலாமா?

லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகன், "நீங்களே வரைஞ்சுடலாம், மாமா" என்றான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறதாம். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் உலகமெல்லாம் சேர்ந்து வரையும் படம். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் ஆரம்பித்தார். அந்த நாட்டில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற சர்க்கார் ஸ்தாபனம் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தது. ஆனால் அந்தப் படங்களின் உரிமை அரசுடையது. அன்றைக்கு எடுத்தாள வேண்டுமானால் பணம் கட்ட வேண்டியிருந்தது, நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டியிருந்தது. 'அப்படியானால் நாமே நடந்து பார்த்து வரைந்துகொள்வோம்' என்று கிளம்பினவர்கள் இவர்கள்.

பிள்ளையாண்டான் எனக்கு வித்தையைக் கற்றுக் கொடுத்தான். வானத்திலிருந்து எடுத்த படம் திரையில் வரும்; அதன்மேல் தெருவைக் கோடாக இழுக்க வேண்டும். படத்துக்கு உரிய கம்பெனி, இப்படி வரைந்துகொள்ள அனுமதி தந்திருக்கிறது. எல்லாம் சரி, வானத்திலிருந்து பார்த்தால் தெருவின் பெயர் தெரியுமோ? அதற்கும் நான் வழி கண்டுபிடித்தேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் என்றைக்கோ வாங்கிய ஊர் வழிகாட்டிப் படம் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு, ராத்திரி பத்து மணி முதல் இரண்டு மணி வரை பெயர் பெயராக இறக்கினேன்.

ஐந்தாம் நாள், முகம் தெரியாத ஒரு சகபாடியிடமிருந்து ஒரு கடிதம் திரையில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். "இத்தனை பெயர்களையும் நேரில் போய்ப் பார்த்தீர்களா? இல்லையென்றால், ஆதாரம் எது?" நான் பெருமையோடு பதில் எழுதினேன்: அச்சிட்ட படம் என்று. மறு கடிதம் உடனே வந்தது. "வெளியிட்டவர் எழுத்து மூலம் சம்மதம் தந்திருக்கிறாரா? இல்லையென்றால் தயவு செய்து எல்லாவற்றையும் நீக்கி விடுங்கள்."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். தெருவின் பெயர் யார் அப்பன் வீட்டுச் சொத்து?

கோபத்தோடு படிக்க ஆரம்பித்தேன். என் கட்சிக்குப் பலமும் இருந்தது. அமெரிக்காவில் டெலிபோன் டைரக்டரி பற்றி ஒரு வழக்கு. ஒரு கம்பெனி தன் டைரக்டரியில் நாலு பொய்ப் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தது. இன்னொரு கம்பெனி அச்சிட்ட புத்தகத்தில் அந்த நாலும் அப்படியே இருந்தன. கையும் களவுமாகப் பிடித்தும் பலன் இல்லை. உண்மைத் தகவலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, பாடுபட்டுச் சேர்த்தது மட்டும் பதிப்புரிமை ஆகாது என்று 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆனால் எதிர்க் கட்சிக்கும் பலம் இருந்தது. நமது 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தை ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு சேர்த்துக் கலைப் படைப்பு என்றே சொல்கிறது; வரைந்தவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் உரிமை நிற்கும். இங்கிலாந்தில் மோட்டார்க்காரர்கள் சங்கம் ஒன்று ஆர்ட்னன்ஸ் சர்வே படங்களைப் பார்த்துத் தன் படங்களை வரைந்துவிட்டு, 2001-ல் 2 கோடி பவுன் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவிலோ, 1996-ம் வருஷத்து உத்தரவுப்படி, பிரயாசைப்பட்டுத் திரட்டிய தகவல் தொகுப்புக்கே 15 வருஷம் தனிக் காப்பு உண்டு. உலகம் முழுவதற்கும் ஒரே படம் என்றால், எந்த நாட்டுச் சட்டத்துக்கும் பயந்துதானே ஆக வேண்டும்?

அக்கா மகனிடம் டெலிபோனில் முறையிட்டேன். "மாமா, எல்லாரும் சேர்ந்து கட்டற வீடு இது. ஒரு செங்கல் திருட்டுச் செங்கல்னாலும், என்னிக்காவது ஒருத்தன் வந்து வீட்டை இடின்னு சொல்லுவான்" என்றான் அவன். 2012-ல் படத்தின் லைசென்ஸை மாற்றியபோது, புது நிபந்தனைக்குச் சம்மதம் தராதவர்கள் வரைந்திருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்களாம். நம் நாட்டில் 2021-ல் மத்திய சர்க்கார் படம் வரைவதற்கு இருந்த கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. அதனாலும் பிறர் படத்தைப் பார்த்து எழுதும் உரிமை வந்துவிடவில்லை என்றான். "சம்மதம் வாங்கிட்டா ஒரு தொல்லையும் இல்லை. அந்தப் படம் போட்டவர் இருக்காரான்னு பாருங்களேன்."

இருந்தார். படத்தின் அடியில் இருந்த விலாசத்திலேயே இருந்தார். முனிசிபாலிடியில் படம் வரைகிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதுக்கு மேல். திண்ணையில் உட்காரச் சொல்லி, நான் கொண்டுபோன அச்சுத் தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் சிரித்துவிட்டார்.

"அலமேலு சந்து எங்கே இருக்கு, தம்பி?"

"எண்ணெய் மில்லுக்குப் பின்னால், சார்."

"போய்ப் பார்த்தீங்களா?"

நான் போகவில்லை. வானத்துப் படத்திலும் அந்த இடத்தில் சந்து தென்படவில்லைதான். மரம் மறைத்திருக்கிறது என்று நானே தீர்மானம் செய்து ஒரு கோடு இழுத்திருந்தேன். கதாசிரியன் அல்லவா!

"அங்கே சுவர்தான் இருக்கு. அலமேலு எங்க அம்மா பேரு" என்றார் அவர்.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருஷம் சைக்கிளும் அளவு நாடாவுமாக ஊரைச் சுற்றி, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஆயிரம் பிரதிகள் அச்சிட்டாராம். மறு வருஷமே வேறோர் அச்சகம் அதே படத்தை ஹோட்டல் விளம்பரங்களோடு பாதி விலைக்குப் போட்டது. அதிலும் அலமேலு சந்து இருந்தது. சங்கிலி திரும்பவில்லை.

இந்த மாதிரிப் பொறிகள் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1930-களில் ஒரு படக் கம்பெனி நியூயார்க் மாகாணத்துப் படத்தில் ஆக்லோ என்று இல்லாத ஊர் ஒன்றை வைத்தது. பின்னால் யாரோ அந்தப் படத்தை நம்பி அதே இடத்தில் ஆக்லோ என்ற பெயரில் கடை திறந்துவிட, பொய் ஊர் மெய் ஊரான வேடிக்கையும் நடந்தது. அந்தக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சம்மதம் கேட்டேன். "தாராளமா எடுத்துக்குங்க. ஊருக்கு நல்லதுதானே?" என்று பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அத்துடன் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் என் அலமாரியில், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் சில இருக்கின்றன. அவை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. லைசென்ஸை விளக்கிச் சொன்னேன். படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விற்கவும் விற்கலாம், எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், தகவலைத் திருத்தி வெளியிட்டால் அந்தத் திருத்தத்தையும் அதே நிபந்தனையில் பொதுவில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அந்த அச்சகக்காரனும் எடுக்கலாமா?"

"எடுக்கலாம், சார்."

அவர் பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து 42 பெயர்களையும், அலமேலு சந்தின் கோட்டையும் அன்று ராத்திரியே அழித்தேன். நீக்கியாயிற்று என்று அந்த முகம் தெரியாத நண்பருக்கும் எழுதிப் போட்டேன். "எதிர்வீட்டுப் பாட்டிக்கு மறுபடியும் மூச்சுத் திணறினால்?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. விடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் சந்தின் பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டேன். இருபது வருஷமாக அதை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மார்கழி முழுவதும் காலையில் நடந்தேன். பலகை இல்லாத இடத்தில் கோலம் போடும் பெண்களைக் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன். பழைய படத்திலிருந்த ஆறு சந்துகளுக்கு இப்போது வேறு பெயர். இரண்டை யாரோ வீட்டோடு சேர்த்து வளைத்துவிட்டார்கள். திருடியதையே வைத்துக்கொண்டிருந்தால், ஆம்புலன்சை நானே சுவரில் கொண்டுபோய் முட்டியிருப்பேன்.

தை பிறந்ததும் பெரியவரிடம் போய் என் போனில் படத்தைக் காட்டினேன். நடுங்கும் விரலால் ஒவ்வொரு சந்தாகத் தடவிக்கொண்டு வந்தவர், எண்ணெய் மில்லுக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

"இங்கே ஒண்ணும் போடலையா?"

"நேரில் போய்ப் பார்த்தேன், சார். சுவர்தான் இருக்கு."

"சரியாத்தான் பார்த்திருக்கீங்க" என்றார்.

அந்தத் தாள் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.