மண்டியிட்டு உழைப்போர்க்கு ஒரு கால்சராய்

உடை வாங்கும்போது நம்மவர் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் நோக்குவர். அதை உடுத்திச் செய்யப்போகும் வேலையை நோக்குவோர் சிலரே. நாற்காலியில் அமர்ந்து பணியாற்றுவோர்க்கு இதனால் பெருங்கேடு ஒன்றும் நேராது. ஆனால் ஈரமண்ணில் நாள்தோறும் முழந்தாளிட்டு உழைப்பவருக்குக் கால்சராயும் மண்வெட்டியைப் போல ஒரு கருவியே. கருவியைத் தேர்ந்தெடுக்கும் கருத்தோடு அதனையும் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ஐதராபாத்தின் புறநகர் நாற்றுப்பண்ணைகளில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருபவன் நான். பாத்தியில் களை பறிப்பதும், நாற்றுப் பைகளை அடுக்குவதும், சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை நீக்குவதும் முழங்கால் மண்ணிற் படச் செய்யவேண்டிய வேலைகள். நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டிருப்போரும் பலர் உளர். அவர்களுக்கும் இக்கட்டுரை பயன்படக்கூடும்.

தமிழகத்தின் கீழைக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. இங்கோ ஆனி பிறக்கும் முன்னரே மேகம் திரண்டுவிடுகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே பெய்துவிடும். நாற்று நடுவதற்கும் களையெடுப்பதற்கும் உரிய காலம் அதுவே. ஆகவே, மண் மிக ஈரமாக இருக்கும் நாட்களிலேதான் நாம் மிகுதியாக மண்டியிடுகிறோம்.

இந்த வட்டாரத்து மண் இருவகை. 1972இல் பட்டஞ்செருவில் நிறுவப்பெற்ற இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களிலேயே செம்மண்ணையும் கரிசலையும் அருகருகே காணலாம். செம்மண்ணில் மணலும் பரலும் மிகுதி. அது துணியை அரம்போல் அராவும். கரிசலோ நனைந்தவுடன் பசையாகி ஒட்டிக்கொள்ளும். அதைப் போக்கக் கல்லில் அடித்து அடித்துத் துவைப்பதிலேயே துணி நைந்துபோகும். ஒன்று வயலிலே கிழிக்கும். மற்றொன்று துவைகல்லிலே கிழிக்கும்.

இனித் துணியைப் பற்றிக் கூறுவேன். பருத்தி இழைக்கு ஓர் அரிய குணம் உண்டு: நனைந்தால் அதன் வலிமை குறைவதில்லை, சற்றே கூடவும் செய்கிறது. ரேயானோ நனைந்தால் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். கடையில் இரண்டும் தொடுவதற்கு ஒன்றுபோலவே இருக்கலாம். ஈரத்தில் முழந்தாளிட்டால்தான் வேறுபாடு புலப்படும். ஆயினும் தனிப் பருத்தியில் ஒரு குறை உண்டு. கனத்த டெனிம் நீரைக் குடித்துக் காலை இழுக்கும். மழைநாளில் மறுநாட் காலைக்குள் உலராது. பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்த டிரில் துணி, சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் எடையுள்ளதாக இருந்தால், உழைக்கவும் செய்யும். விரைவில் உலரவும் செய்யும். நீர் புகாதபடி மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய துணி குளிர்நாட்டுக்கு ஏற்றது. இங்குள்ள புழுக்கத்தில் வெளியே மழையும் உள்ளே வியர்வையுமாக இரு பக்கமும் நனைய நேரும்.

டிரில் என்றதும் காக்கி நினைவுக்கு வருகிறது. காக்கி என்ற சொல், புழுதியைக் குறிக்கும் 'காக்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்து, இந்நகரத்தார் பேசும் உருதுவின் வழியே நம்மிடம் வந்தது. மண்ணோடு உறவாடும் உடைக்கு மண்ணின் பெயரே வாய்த்தது பொருத்தம் அன்றோ! சென்னைப் பெரம்பூரில் இயங்கிய பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் காக்கி டிரில், படைவீரர்க்கும் காவலர்க்கும் உடையாகிப் பெயர்பெற்றது. அவ்வாலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. எனினும், சாய்வரி நெசவில் நெருக்கமாக நெய்த டிரில் இன்றும் சிக்கந்தராபாத் ஜெனரல் பஜாரின் துணிக்கடைகளில் கிடைக்கிறது.

துணி நன்றாயிருந்து தையல் பொய்த்தால் பயனில்லை. துணியை முதலில் நீரில் ஊறவைத்து, சுருங்கிய பின்னரே வெட்டச் சொல்லவேண்டும். தொடைகள் கூடும் இடத்தில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைத்தால், குந்தும்போது அங்கே பிளவாது. பையின் மூலைகளில் செப்பு ஆணி அடிக்கும் முறைக்கு ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லெவி ஸ்ட்ராஸ் என்ற துணி வணிகரும் 1873இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். உழைப்பாளியின் பை கிழிவதைத் தடுக்கவே அது தோன்றிற்று.

யாவற்றினும் முதன்மையானது முழங்கால் ஒட்டு. நின்றபடி அளவெடுத்தால் ஒட்டு உரிய இடத்தில் அமையாது. ஏனெனில் மண்டியிடும்போது துணி மேலே ஏறிவிடும். மண்ணில் அழுந்துவதோ முழங்காற் சிரட்டைக்குச் சற்றுக் கீழ்ப்பகுதி. ஆகவே தையற்காரர் முன்னிலையிலேயே மண்டியிட்டு, தரையில் படும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட வேண்டும். ஒட்டின் அடிவிளிம்பைத் தைக்காமல் விட்டால், உள்ளே மென்பஞ்சு அட்டை ஒன்றைச் செருகலாம். புகுந்த சேறும் வெளியேறிவிடும்.

இத்துணை நுணுக்கம் ஒரு கால்சராய்க்கு வேண்டுமா என்று சிலர் வினவலாம். முழங்காற் சிரட்டையின் முன்புறம் ஒரு சிறு நீர்ப்பை உண்டு. இடைவிடாமல் மண்டியிட்டால் அது வீங்கி வலிக்கும். தோல் உராய்ந்து புண்ணானால், எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி அப்புண்வழியே உடலில் புகவும் கூடும். நான் முன்னர் வேலை செய்த ஒரு பண்ணையில் மெல்லிய துணியாலான கால்சராய்களைத் தந்தனர். இரண்டு வாரத்தில் முழங்கால் வெளியே தெரிந்தது. உடன் உழைத்த ஒருவர் வீக்கத்தால் பத்து நாள் படுத்துவிட்டார். அந்தப் பத்து நாட்கூலி அவர் வீட்டுக்கு வரவில்லை. சேமித்த துணிவிலையும் இழந்த கூலியும் ஒரே தராசில் வைக்கப்பட்டால் எது கனக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஒட்டு வைத்த என் கால்சராயைக் கண்டு, களையெடுக்கும் தெலுங்கு அம்மையார் ஒருவர், "அன்னா, உங்கள் முழங்காலுக்குக் காவல் கிடைத்துவிட்டது, எங்களுடையதும் எலும்புதானே?" என்று கேட்டார். அவர் புடைவையின் மேல் ஆண்கள் சட்டை ஒன்றை அணிந்திருந்தார். முழங்காலுக்கோ நனைந்த புடைவை ஒன்றே துணை. அக்கேள்வியின் நேர்மை என்னைச் சிந்திக்கவைத்தது. மீந்த டிரில் துண்டுகளில் பஞ்சு அட்டை வைத்து, முழங்காலின் மேலும் கீழும் நாடாவால் தளர்வாகக் கட்டிக்கொள்ளும் உறைகளை என் மனைவி தைத்தாள். புடைவையின் உள்ளே கட்டிக்கொள்ள அவை ஏற்றவையாக இருந்தன. ஒரு மழைக்காலம் முழுதும் அவை உழைத்தன.

ஆகவே அன்பர்களே, தோட்டவேலைக்குக் கால்சராய் வாங்குமுன் கடையிலேயே ஒருமுறை மண்டியிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் வேறொருவர் மண்டியிடுகிறார் எனில், அவருக்கும் அவ்வாறே ஒன்று தைத்துக் கொடுங்கள். பெண்டிராயின் ஓர் இணை உறையேனும் தாருங்கள். அடுத்த ஆனிக்கு முன் இது முடிந்துவிட்டால் நன்று.